கடைசிப் பக்கத்து எண்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் ரத்தினம்மா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் எழுத்தாள நண்பர்களே, தந்தையை இழந்து முன்வரிசையில் இருக்கும் பெதானி, சனிக்கிழமை நெரிசலில் சிராங்கூன் சாலையைக் கடந்து வந்து சேர்ந்திருக்கும் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சேதுபதி. இளையர்களுக்கான நாவல்கள் எழுதி விருது பெற்ற சவரிராஜ் அவர்களின் ஒன்பது நூல்களுக்கும் மெய்ப்புத் திருத்தியவன். இருபத்திரண்டு ஆண்டுகள் அவரோடு சண்டை போட்டவன். மேடை எனக்குப் புதிதல்ல. ஆனாலும் இன்றைக்குப் பயமாக இருக்கிறது. ஏன் பயம் என்பதைச் சொல்லாமல், அவரைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கினால் அது ஏமாற்று வேலை.

'லிஃப்ட் நிற்காத மாடி' நாவலை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். மார்சிலிங் வட்டாரத்தில் ஓரறை வாடகை வீடு. அப்பா சிறையில். அம்மாவுக்கு இரண்டு இடங்களில் துப்புரவு வேலை. அண்ணன் ஒருவன், தம்பி ஒருவன். ஒருநாள் அண்ணன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறான். தம்பி படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறான். அதோடு கதை முடிகிறது. அண்ணன் வந்தானா? சவரிராஜ் சொல்லவில்லை.

எவ்வளவு எளிய தமிழ் அது! பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு தமிழ்ப் பக்கத்தையும் தொடாத பிள்ளைகள் ஒரே மூச்சில் படித்த தமிழ். நான் அழகான சொல் ஒன்றைச் சேர்ப்பேன், அவர் அடித்துவிடுவார். "சேது, இந்த வார்த்தைக்கு அந்தப் பையன் அகராதியத் தேடிப் போவான்னு நினைக்கிறீங்களா? புத்தகத்த மூடிட்டுப் போயிடுவான் லா" என்பார். விருதுக் குழுவில் ஒருவர், இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். நல்லவேளை, அந்தக் குழுவில் நான் இல்லை. நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அந்த நாவலின் கடைசிப் பக்கத்தில் அவர் தம் கைத்தொலைபேசி எண்ணை அச்சிடச் சொன்னார். 'அண்ணன் வந்தானா என்று கேட்க வேண்டுமா? கூப்பிடு' என்று மேலே ஒரு வரி. நான் குதியாய்க் குதித்தேன். "உங்களுக்கென்ன பைத்தியமா? ஊரே கூப்பிடும்" என்றேன்.

"கூப்பிடட்டுமே. படிச்சுட்டுப் பயந்துபோன பிள்ள வேற யாருகிட்ட கேக்கும்?" என்றார்.

கூப்பிட்டார்கள். முதலில் கதையில் வரும் அண்ணனைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு தங்கள் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அவர் யாருக்காவது அறிவுரை சொன்னாரா? ஒருவருக்கும் இல்லை. "சாப்பிட்டியா? தம்பி சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்பார். நீங்கள் எழுத்தாளரா, சாப்பாட்டுக் கடைக்காரரா என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒரு பையன். உண்மைப் பெயரைச் சொல்லமாட்டேன், யாசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது பதினான்கு. பெற்றோர் சண்டை போடும்போதெல்லாம் அவன் தம்பி வீட்டைவிட்டு ஓடிவிடுவான். யாசர் உடனே சவரிராஜைக் கூப்பிடுவான். தம்பி திரும்பி வரும்வரை இவர் போனை வைக்கமாட்டார். ஒருமுறை பக்கத்துத் தெரு உணவகத்தில் என் கண்ணெதிரே நாற்பது நிமிடம் அப்படி இருந்தார். அவர் தோசை ஆறிப்போனது. நான் என் தோசையை முடித்து இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டேன். "இருக்கேன்டா, இருக்கேன்" என்பதைத் தவிர அவர் எதுவும் பேசவில்லை. அவர் செய்ததிலேயே பெரிய வேலை அதுதான் என்று இப்போது தெரிகிறது.

மூன்று வாரங்களுக்கு முன், கிளமெண்டி பேருந்து நிலையத்தில் வந்த மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்ததும் அவர் மகள் பெதானி அந்தத் தொலைபேசியை என்னிடம் கொடுத்தாள். "அங்கிள், இது அடிச்சாலே எனக்குப் பயமா இருக்கு. நீங்க வச்சுக்குங்க" என்றாள். எனக்கு மட்டும் பயம் இல்லையா? அன்று மாலையே அடித்தது. எடுத்து என்ன சொல்வது? மறுநாளும் அடித்தது. நான் அதை அணைத்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஆமாம், அணைத்து வைத்தேன். இரண்டு வாரம். இந்தப் புதன்கிழமை மனம் கேட்காமல் திறந்தேன். யாசரின் எண்ணிலிருந்து மட்டும் பதினொரு குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. "அங்கிள், தம்பி போயிட்டான்." "அங்கிள், ப்ளீஸ் எடுங்க." "இன்னும் வரல." கடைசிச் செய்தியை அவன் அனுப்பி ஐந்து நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். மூன்றாம் முறைதான் எடுத்தான். "தம்பி வந்துட்டானா?" என்று கத்தினேன்.

"வந்துட்டான். மறுநாள் போலீஸ்தான் கூட்டிட்டு வந்தாங்க. வேற அடுக்குமாடி புளோக் கீழ படுத்திருந்தானாம். நீங்க யாரு? சவரி அங்கிள் எங்க? என்மேல கோவமா?"

அவன் வீட்டுக்குத் தமிழ் நாளிதழ் வருவதில்லை. அவர் இறந்தது அவனுக்குத் தெரியாது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் சொன்னது இது: "கோவமெல்லாம் இல்லப்பா. அவருக்குக் கொஞ்சம் வேலை. சனிக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிடு, பேசுவார்." இந்தக் கூட்டத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நாளே வாயில் வந்துவிட்டது.

"சரி அங்கிள். தம்பியும் பக்கத்துல இருப்பான். அவனும் பேசணுமாம்" என்று சொல்லி வைத்தான்.

இறந்துபோன மனிதர் பேசுவார் என்று ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து உங்கள்முன் நிற்கிறேன். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. உண்மையைக் கேட்டதும் அந்தச் சின்னவன் மறுபடி ஓடிவிட்டால்? யாசர் இனி யாரையுமே கூப்பிடாமல் இருந்துவிட்டால்? இப்படியே நினைத்து நினைத்துப் பயப்படுகிறேன்.

எனக்கு முன் பேசியவர்கள் சவரிராஜின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொன்னார்கள். அவர் பெயரில் பரிசு, அவர் பெயரில் போட்டி. எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். என்னால் கொடுக்க முடிந்த உறுதி ஒன்றுதான். அடுத்த பதிப்பிலும் அந்த எண் இருக்கும். இந்தத் தொலைபேசியை இனி அணைக்கமாட்டேன். அடித்தால் எடுப்பேன். பயந்துகொண்டேதான் எடுப்பேன், ஆனால் எடுப்பேன்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு. இப்போது அம்மையார் உங்களை எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்கச் சொல்வார். சவரிராஜுக்காக நில்லுங்கள். நான் உங்களோடு நிற்க முடியாது, மன்னியுங்கள். இரண்டு பிள்ளைகளோடு நான் பேச வேண்டும்.