நாலுக்கு நாலு

கிருபாகரன்: ...அதத்தான் சொல்றேன். நாலு மேட்ச்சு ஆடிக்கீறாங்க, நாலுலயும் கெலிச்சுட்டாங்க. போன வருசம் ஏழு ஆடி ஏழும் தோத்த டீமு அது.

ரெஜினா: மொதல்ல ரோட்ட பாத்து ஓட்டுயா. பின்னால பஸ்காரன் ஹாரன் அடிச்சிகினே வரான்.

கிருபாகரன்: செங்கல்பட்டு தாண்டுற வரைக்கும் அவன் அடிச்சிகினுதான் வருவான். உங்க ஆஸ்பத்திரி டீமாச்சே ரெஜி... லேடீஸ் பேஸ்கட் பாலு. உனுக்கு தெரியாதா?

ரெஜினா: ஆஸ்பத்திரில எத்தினியோ பேரு கீறாங்க. யாரு பந்து ஆடறாங்க, யாரு பல்லாங்குழி ஆடறாங்கன்னு நா இன்னாத்துக்கு பாக்கணும்? நா வார்டுல ஊசி போடற நர்சு.

கிருபாகரன்: அதுவும் சரிதான்.

ரெஜினா: ஆமா... நீ எப்டி பாத்த?

கிருபாகரன்: ஒரு சவாரிய கிரவுண்டு கிட்ட எறக்கி வுட்டேன். உள்ள ஒரே சத்தம். இன்னாதான் நடக்குதுன்னு ஆட்டோவ ஓரங்கட்டிட்டு எட்டி பாத்தேன்.

ரெஜினா: எப்போ?

கிருபாகரன்: போன வாரம். திருப்போரூர் டீமோட.

ரெஜினா: திருப்போரூர் மேட்ச்சு போன வாரம் இல்லியே, அது... அதாவது, போன வாரம் மழையாச்சே. எங்க ஆடியிருப்பாங்க?

கிருபாகரன்: அப்டியா? அப்ப அதுக்கு முந்தின வாரமா இருக்கும்.

ரெஜினா: ம்... இருக்கும்.

கிருபாகரன்: அந்த லேபுல ரத்தம் எடுக்கறாங்களே, உசரமா... லோகநாயகி மேடம். அவங்கதான் கேப்டனாம். நாப்பத்தி ரெண்டு வயசாம். மேல வர்ற பந்த மாங்கா பறிக்கற மாதிரி பறிக்கறாங்க.

ரெஜினா: அவங்க காலேஜ்லயே பெரிய ஆளுன்னு சொல்லுவாங்க.

கிருபாகரன்: இன்னொருத்தங்க, செங்கம்மாள்னு. வார்டுல மாப்பு போடறவங்களாம். இந்த வருசம்தான் மொத மொதலா பந்தையே தொட்டாங்களாம். எவ பந்தோட வந்தாலும் நேரா போயி முன்னால நின்னுக்கறாங்க. நவுரவே மாட்டேங்கறாங்க.

ரெஜினா: அவங்களுக்கு ரூல்ஸு பாதி தெரியாது. லோகா மேடம் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி வெச்சாங்க. 'அக்கா, பெருக்கி வெச்ச எடத்துல யாராவது செருப்போட வந்தா எப்டி நிப்பியோ, அப்டி நில்லு'ன்னு. அவ்ளோதான். ஒருத்தி உள்ள வர முடியல.

கிருபாகரன்: ஓ... இதெல்லாம் வார்டுல பேசிக்குவாங்களோ?

ரெஜினா: ...பேசிக்குவாங்க. சாப்பாட்டு டைம்ல.

கிருபாகரன்: நல்ல டீமு ரெஜி. ஆனா ஒரே ஒரு ஆளுதான் சொதப்பல்.

ரெஜினா: யாரு?

கிருபாகரன்: பதினோராம் நம்பரு.

ரெஜினா: ...இன்னா சொதப்பிட்டா?

கிருபாகரன்: டவுன்ஷிப்பு டீமோட மேட்ச்சு. போன வருசம் கப்பு வாங்குனவங்க. போன வருசம் இவங்கள எழுவத்தி ஒண்ணுக்கு பத்தொம்போதுன்னு தோக்கடிச்சவங்க. இந்த தபா ரெண்டு பேரும் நாப்பத்தி அஞ்சு. முடிய இன்னும் நாலு செகண்டு. பதினொண்ணுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ குடுக்கறாங்க. யாரும் மறிக்க மாட்டாங்க, சும்மா நின்ன எடத்துலேந்து போடணும். மொதல்து வெளிய போச்சு. சின்ன புள்ள கூட போட்டிருக்கும்.

ரெஜினா: ரெண்டாவது போட்டாள்ல?

கிருபாகரன்: போட்டா. இருந்தாலும் மொதல்து...

ரெஜினா: நீ போய் நின்னு பாரு அங்க. எரநூறு பேரு ஊ-ன்னு கத்தறான். கை ரெண்டும் வேர்த்து பந்து வழுக்குது. கால்ல கெண்ட பிடிச்சிகினு இழுக்குது. அதோட ரெண்டாவத போட்டா பாரு, வளையத்துல படாம நேரா உள்ள எறங்குச்சு. சின்ன புள்ளையாம் சின்ன புள்ள.

கிருபாகரன்: அவளுக்கு கெண்ட பிடிச்சது உனுக்கு எப்டி தெரியும்?

ரெஜினா: ...சாராள் சொன்னா. அவளும் அந்த டீம்ல கீறா.

கிருபாகரன்: கை வேர்த்ததும் சாராள் சொன்னாளா?

ரெஜினா: வண்டிய ஓரமா நிறுத்து.

கிருபாகரன்: இரு, அந்த புளியமரத்தாண்ட நிறுத்தறேன்... ம். சொல்லு.

ரெஜினா: எத்தினி நாளா தெரியும் உனுக்கு?

கிருபாகரன்: மொத மேட்ச்சுலேந்து. சவாரி எறக்க வந்தேன்னு சொன்னது நெசம்தான். எட்டி பாத்தா, ட்ரெயினிங் கிளாஸுக்கு போன என் பொண்டாட்டி தலைய ஏத்தி கட்டிகினு ஓடிகினு கீறா.

ரெஜினா: நாலும் பாத்தியா?

கிருபாகரன்: நாலும்.

ரெஜினா: எங்க நின்ன? நா ஒருவாட்டி கூட பாக்கலியே.

கிருபாகரன்: தண்ணி கேன் ஏத்தின வண்டிக்கு பின்னால. மூணாவது மேட்ச்சுக்கு ஜெஸ்ஸியையும் இட்டுகினு வந்தேன்.

ரெஜினா: அடிப்பாவி, பத்து வயசு பொண்ணு... என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

கிருபாகரன்: அம்மா பயந்துடுவா, சொல்லாதன்னேன். அம்மா எப்டி அவ்ளோ வேகமா ஓடுதுன்னு கேட்டா. ஆஸ்பத்திரில எமர்ஜென்சி வார்டுல ஓடி ஓடி பழக்கம்னேன்.

ரெஜினா: சிரிக்காத. முட்டில அடி பட்டப்ப பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொன்னேனே.

கிருபாகரன்: அந்த அடி எப்டி பட்டதுன்னு நா பாத்துகினுதான் இருந்தேன். அதனாலதான் கேக்காமயே தைலம் வாங்கினு வந்தேன்.

ரெஜினா: கோவம் இல்லியா உனுக்கு?

கிருபாகரன்: உன் மேல இல்ல, என் மேலதான். டவுன்ஷிப்பு மேட்ச்சுல நிக்க எடம் இல்லாம அவங்க ஆளுங்களோட போயி ஒக்காந்தேன். ஒரு சாரு, ஆபீசர் மாதிரி இருந்தாரு. 'அந்த பதினொண்ணு யாருங்க, இவ்ளோ நல்லா ஆடுது'ன்னு கேட்டாரு.

ரெஜினா: நீ இன்னா சொன்ன?

கிருபாகரன்: தெரியாது சார்-னு சொல்லிட்டேன்.

ரெஜினா: என்னையா தெரியாதுன்ன?

கிருபாகரன்: ஆமா. மேட்ச்சு முடிஞ்சதும் வெளிய வந்து ஆட்டோல ஒக்காந்தேன். ஒரே பேஜாரா பூட்ச்சு ரெஜி. ரெண்டு சவாரி வந்து கேட்டாங்க. வண்டி வராதுன்னுட்டேன்.

ரெஜினா: நானும் ஒண்ணு சொல்லணும். இன்னிக்கு லோகா மேடம் கிட்ட, அடுத்த மேட்ச்சுலேந்து நா வரலன்னு சொல்லிட்டேன்.

கிருபாகரன்: இன்னாது?

ரெஜினா: அஞ்சாவது மேட்ச்சு ஞாயித்துக்கெழம மாமல்லபுரத்துல. அன்னிக்குதான் முட்டுக்காட்டுல உன் தங்கச்சி கொழந்தைக்கு ஞானஸ்நானம். உங்கம்மா ஒரு மாசமா சொல்லிகினு கீது. அங்கேந்து நடுவுல கெளம்ப இன்னா பொய் சொல்றது? ஒவ்வொரு வாரமும் ஒரு பொய். ராத்திரி படுத்தா அடுத்த வாரம் இன்னா சொல்றதுன்னுதான் ஓடுது. ஆடறப்ப மட்டும்தான் அது மறக்குது.

கிருபாகரன்: கோவளம் டீமோடதான அஞ்சாவது?

ரெஜினா: ஆமா. அவங்களும் நாலுக்கு நாலு.

கிருபாகரன்: நீ இல்லன்னா உங்க டீம்ல தூரத்துலேந்து பந்து போட ஆளே இல்லியே.

ரெஜினா: தெரியும்யா. செங்கம்மா அக்கா என் பையில இருந்த ஷூவ எடுத்து தொடச்சு, திரும்ப உள்ள வெச்சுது. அவ்ளோதான். எனுக்கு அழுக வந்துடுச்சு.

கிருபாகரன்: மேடத்துக்கு போன் போடு.

ரெஜினா: இன்னான்னு?

கிருபாகரன்: வரேன்னு. மேட்ச்சு சாயங்காலம் நாலு மணிக்கு. சர்ச்சுல ஆராதன காலைல பத்துக்கு. பிரியாணி துன்னுட்டு... இல்ல, நீ துன்னாத, ஓட முடியாது. ரெண்டு இட்லியோட எழுந்துடு. முட்டுக்காட்லேந்து மாமல்லபுரம் ஈ.சி.ஆர் ரோட்டுல நா அழைச்சினு போறேன்.

ரெஜினா: உங்கம்மா?

கிருபாகரன்: அம்மா கிட்ட நேத்தே சொல்லிட்டேன்.

ரெஜினா: ஐயோ... சொல்லிட்டியா? இன்னா சொல்லுச்சு?

கிருபாகரன்: மொதல்ல, 'கெலிக்குதுங்களா'ன்னு கேட்டுது. நாலுக்கு நாலுன்னேன். 'நாலுமேவா'ன்னு திரும்ப கேட்டுது. ஆமான்னேன். அப்ப மெதுவா, 'நா வந்தா ஒக்கார சேர் போடுவாங்களா'ன்னு...

ரெஜினா: உங்கம்மாவா? 'குடும்பப் பொண்ணு டவுசர் போட்டுகினு ஓட வேணாம்'னு கல்யாணம் ஆன மறு வாரம் சொன்ன அதே அம்மாவா?

கிருபாகரன்: அதே அம்மாதான்.

ரெஜினா: அன்னிக்கு எனுக்கு இருவத்தி ரெண்டு வயசுயா. ஷூவ என் தங்கச்சிக்கு குடுத்துட்டு வந்தேன்.

கிருபாகரன்: தெரியும்.

ரெஜினா: இப்ப ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. தெரிஞ்ச அன்னிக்கே என்னான்ட கேட்டிருக்கலாம்ல? ஏன் ரெண்டு மாசமா கேன் வண்டிக்கு பின்னால ஒளிஞ்சிகினு நின்ன?

கிருபாகரன்: கேக்க எனுக்கு மூஞ்சி இல்ல ரெஜி... நம்ம கல்யாணம் பாஸ்டரு சொல்லி நடந்துதுன்னு நெனச்சிகினு கீற. அது இல்ல. அப்ப நா பந்தல்காரர் கிட்ட வேல செஞ்சிகினு இருந்தேன். செங்கல்பட்டு கிரவுண்டுக்கு சேர் எறக்க வந்தேன். நர்சிங் காலேஜ் டீம்ல நீ ஆடிகினு இருந்த. கீழ வுழுந்து, ஒதட்டுல ரத்தத்தோட எழுந்து, ஓடிப்போயி பந்த போட்ட. சேர் எறக்கறத வுட்டுட்டு கடைசி வரைக்கும் பாத்தேன். மறுநாளே பாஸ்டர் கிட்ட போயி, கட்டுனா அந்த பொண்ணதான் கட்டுவேன்னு நின்னேன். அப்டி கட்டிகினு வந்தவன், அம்மா 'ஓட வேணாம்'னு உன்னான்ட சொன்னப்ப, பக்கத்துலயே ஒக்காந்து சோறு துன்னுகினு இருந்தேன். வாய தொறக்கல.