கூடுதல் நேரப் பலகை

கால்பந்தில் நான்காவது நடுவருக்கு வேலை குறைவு, சார். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கலாம். ஆட்டம் முடியும் தறுவாயில், வீணான நேரத்துக்கு ஈடாக இன்னும் எத்தனை நிமிடம் என்று ஒரு பலகையைத் தூக்கிக் காட்ட வேண்டும். எண்ணை முடிவு செய்வது விசில் வைத்திருப்பவர்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் விசில் இஸ்மத்திடம் இருந்தது. பலகை என்னிடம்.

இஸ்மத் நல்ல நடுவர். அதை நான் மறுத்ததே இல்லை. தேசிய நடுவர் பட்டியலுக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து ஒருவரை எடுத்தபோது, இருபது வருடம் ஓடிய என்னை விட்டு, நேற்று வந்த அவளை எடுத்தார்கள். இனிப்போடு வீட்டுக்கு வந்தாள். என் மனைவி ராமாமணி உப்பும் மிளகாயும் எடுத்து அவளுக்குச் சுற்றிப்போட்டாள்.

"எத்தன பேரு கண்ணு பட்டுதோ, அம்மணி."

எனக்கு அவள் ஒருநாளும் சுற்றிப்போட்டதில்லை.

ஆட்டத்தில் உள்ளூர் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆகவே நேரத்தைக் கடத்தினார்கள். தொட்டால் விழுந்தார்கள், பந்தைத் தென்னந்தோப்புக்குள் உதைத்தார்கள். இஸ்மத் எரிச்சல்படாமல் எல்லாவற்றையும் கணக்கில் வைத்துக்கொண்டாள். கடைசியில் என்னைப் பார்த்து ஒரு கையை முழுதாக விரித்து, மறுகையில் ஒரு விரலைக் காட்டினாள்.

"ஆறுங்ணா!"

பலகையில் இரண்டு என்று வைத்துத் தூக்கினேன். அவள் அதற்குள் பந்தின் பின்னால் ஓடிவிட்டாள். யாரோ செல்போனில் எடுத்த படத்தில் அவள் விரல்கள் தெளிவாகத் தெரிகின்றன என்கிறீர்கள். தெரியும், சார். எனக்கும் தெரிந்தது.

இரண்டு நிமிடம் போனதும் கூட்டம் கூச்சலிட்டது. பிறகு வசவு. ஐந்தாவது நிமிடத்தில் எதிரணியான சூலூரின் மிதுன் கோலை நெருங்கியபோது பின்னாலிருந்து காலை வாரினார்கள். இஸ்மத் ஒரு கணமும் யோசிக்காமல் பெனால்டி கொடுத்தாள். நானாக இருந்தால் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பேன். அவள் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கோல் விழுந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஆட்கள் உள்ளே இறங்கினார்கள்.

"ரெண்டு நிமிசம்னு போட்டுப்போட்டு, அவிங்க கோல் போடற வரைக்கும் ஆட்டறயா?"

அவள் என்னை நோக்கி ஓடிவந்தாள். "அண்ணா, நான் ஆறுன்னுதான் காட்டுனேன்னு சொல்லுங்ணா!"

நான் பலகையின் விளக்கை அணைத்து, அதை நாற்காலிக்கு அடியில் வைத்தேன். கொடிக்கம்பத்தைப் பிடுங்கி அவளை அடித்தார்கள். அவளுடைய வலது முழங்கால் சிதைந்துபோனது.

ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த நடுவர் சங்கத்து ஆட்களிடம், கட்டிலருகே நின்ற என்னைக் காட்டி அவள் சொன்னாள்: "பாலுசாமியண்ணன் மேல தப்பில்லீங்க. வெளிச்சம் மங்கிப்போச்சு. என் விரல் தெரிஞ்சிருக்காது."

அவர்கள் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி ஓட முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பற்றி அவள் பேசவில்லை.

"அண்ணா, அந்தப் பெனால்டி சரிதானுங்களே? நீங்க சொன்னாப் போதும்."

"அது ஃபவுலே இல்ல, அம்மணி" என்றேன்.

என் கையை விட்டுவிட்டு அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுத்தமான ஃபவுல், சார். என் நாற்காலியிலிருந்தே தெரிந்தது. ஆனால் கால் போன பிள்ளைக்கு மைதானத்து நினைப்பு எதற்கு? அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன்.