ஆறுச்சாமி உக்காந்து பார்த்த அளவு

தலைவரே, சபையோரே, தீர்மானத்துக்குக் கை தூக்கறதுக்கு முன்னால, ஒரு குட்டிக் கதை சொல்லிப்போட்டு உக்காந்துக்கறனுங்க. கதை சின்னதுதான். கதையில வர்ற ஆளுதான் பெருசு... அது நான்தான்.

எனக்கு வருசத்தை எழுதத் தெரியாது. ஆனா மறக்காது. நம்ம கிரிக்கெட் பசங்க சீமைக்குப் போய் உலகக் கோப்பையைத் தூக்கிட்டு வந்தாங்களே... மழை ஏமாத்தி, மெட்ராஸ்காரங்க தண்ணி லாரிக்குப் பின்னால ஓடினாங்களே... அந்த வருசம். ஒருத்தர் கையில கோப்பை, ஒருத்தர் கையில குடம். என் கையில ஸ்பேனர்.

அப்போ கோயமுத்தூர்ல கார் சக்கரத்துக்கு அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிக்கற அளவு, பார்க்கறதுன்னா ஆறுச்சாமிதான். அப்படின்னு யாரு சொன்னா? ஆறுச்சாமிதான் சொன்னான்.

மில் முதலாளி கோவிந்தராஜுலு, பழைய பியட் ஒண்ணை ரேசுக்குன்னு தயார் பண்ணினாரு. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தியாச்சு. எவ்வளவு தாழ்வு? ரோட்டுல எலுமிச்சம்பழம் கிடந்தா சுத்திக்கிட்டுத்தான் போகோணும். ஓட்டறது ரெஜினான்னு ஒரு பொண்ணு. கான்வென்ட்டுல டீச்சர். பலமாக் காத்தடிச்சா பறந்துருவாளோன்னு இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடிச்சா மட்டும்... அது வேற ரெஜினா.

முதலாளியோட மச்சினனுக்கு அந்த சீட்டு மேலயே கண்ணு. “பொம்பளை கையில வண்டியைக் குடுத்து மானத்தை வாங்காதீங்க மாமா”ன்னு ஓதிக்கிட்டே இருந்தான். கடைசியில முதலாளி சொல்லிட்டாரு: “ரேசுக்கு முந்தின நாள் ஓட்டிப் பார்க்கட்டும். நேரா ஓட்டினா அவ. இல்லாட்டி நீ.”

தாழ்த்தின வண்டிக்கு அளவு வைக்கறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. சக்கரத்தை நட்டுக்குத்தலா நிறுத்தினா டயர் தேயாது, வளைவுல வழுக்கும். மேல்பக்கத்தைக் கொஞ்சம் உள்ளார சாய்ச்சா வளைவுல கவ்விப் பிடிக்கும், டயர் போயிரும். எது வேணும்? ரேசுக்கு வளைவுதானே வேணும்? சாய்ச்சேன். ரெண்டு பக்கமும் ஒரே சாய்வு; இல்லாட்டி நிமிர்ந்த சக்கரம் இருக்கற பக்கமா வண்டி இழுக்கும்.

அப்புறம் இன்னொண்ணு. அளவு பார்க்கறப்போ சீட்டுல ஆள் இருக்கோணும். ஆள் பாரத்துல ஸ்பிரிங் அமுங்கி, அப்போ சக்கரம் எப்படி நிக்குதோ அதுதான் அளவு. இது எனக்குத் தெரியுமுங்க! நல்லாத் தெரியும். ஆனா அன்னைக்கு டீச்சருக்குப் பள்ளிக்கூடம், வர முடியல. “ஆள்தானே இருக்கோணும்? நான் ஆள் இல்லியா?”ன்னு நானே ஏறி உக்காந்துட்டேன். மடியில போண்டாப் பொட்டலம். பட்டறை ஆளுக வெளியில வேர்த்து ஊத்தறாங்க. நான் உள்ளார ராசாவாட்டம், “இன்னும் கொஞ்சம் சாய்ங்கப்பா...”ங்கறேன். இப்ப வத்திப் போய் நிக்கறேன். அன்னைக்கு நான் ஏறினா பஸ்ஸே ஒரு பக்கம் சாயும்.

ரேசுக்கு முந்தின நாள். மெட்ராஸுக்குப் பக்கத்துல, பழைய ஏரோப்பிளேன் ஓடுதளம்; அங்கதான் ரேசு. பொண்ணு ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிறுத்தினா.

“ஆறுச்சாமிண்ணா, வண்டி வலது பக்கமா இழுக்குதுங்க.”

“வண்டி இழுக்காது அம்மிணி. உங்க கை இழுக்கும்.”

“அப்ப நீங்களே ஓட்டிப் பாருங்க.”

ஏறினேன். ஓட்டினேன். ரெண்டு கையையும் விட்டுக் காட்டினேன்... நூல் பிடிச்சாப்பல நேராப் போகுது! மறுபடி அவ ஓட்டினா... இழுக்குது. நான் ஓட்டினா... நேரா. அவ... இழுக்குது. நான்... நேரா!

மச்சினன் கை தட்டறான். முதலாளி, “டீச்சரம்மா, நீங்க ஒதுங்கிக்குங்க”ன்னுட்டாரு.

பொண்ணு ஹெல்மெட்டைக் கழட்டினா. அழுவான்னு பார்த்தேன். அழலீங்க. நான் வண்டியை விட்டு இறங்கறதையே பார்த்துக்கிட்டு நின்னா.

“அண்ணா... இன்னொருக்கா ஏறுங்க.” ஏறினேன். “இறங்குங்க.” இறங்கினேன். “ஏறுங்க.”

“என்ன அம்மிணி, தோப்புக்கரணமா?”

“முதலாளி, அண்ணனைப் பார்க்காதீங்க. சக்கரத்தைப் பாருங்க.”

பார்த்தாங்க. நான் ஏறினா வலது சக்கரம் உள்ளார சாயுது. நான் இறங்கினா... அப்பாடான்னு நிமிருது!

“அளவு வைக்கறப்போ சீட்டுல யாரு இருந்தீங்க?”

பொண்ணு கேக்கறா. என் ஆளுக எல்லாரும் என் வயித்தையே பார்க்கறாங்க.

“அப்போ வண்டி ஆறுச்சாமிக்குச் சரியா இருக்கு. ஏனப்பா, நாளைக்கு ரேஸ் நீ ஓட்டறியா?”ன்னாரு முதலாளி. மச்சினன் குறுக்க விழுந்து, “நான் ஓட்டறேன் மாமா”ன்னான். அவனும் ஒட்டடைக்குச்சிதான். ஓட்டினான். இழுத்துச்சு பாருங்க... நேரா வைக்கப்போருக்குள்ள!

அப்புறம் டீச்சரை உக்கார வச்சு, அங்கயே அளவை மாத்தினோம். நான் வண்டிக்கு அடியில நுழையப் பார்த்தேன். தாழ்த்தின வண்டி... நுழைய முடியல. மறுநாள் ரெஜினா ஜெயிச்சாளா? இல்லை, மூணாவது. ஆனா முதலாளி அதுக்கப்புறம் அந்த சீட்டை வேற யாருக்கும் தரலீங்க.

இதை எதுக்கு இங்க சொல்றேன்? நம்ம புது மார்க்கெட்டுல மீன் வெட்டற மேடை எவ்வளவு உசரம்னு கமிட்டி முடிவு பண்ணிருச்சு. கமிட்டியில யாரு? தலைவரு, கான்ட்ராக்டரு, நான். சிமெண்டு மூட்டையை அடுக்கி, முன்னால நின்னு பார்த்து, “ஆகா, இடுப்புக்குச் சரியா இருக்கு”ன்னோம். யாரு இடுப்புக்கு? நாங்க மூணு பேருல யாராவது ஒரு மத்தி வெட்டியிருக்கோமா? பின்னால கூடையோட நிக்கறாங்களே அந்த அம்மாங்க... பொழுதுக்கும் அங்க நின்னு வெட்டப்போறது அவங்க. முதுகு வலிக்கப்போறது அவங்களுக்கு. அவங்கள்ல ஒருத்தரையாவது நிக்க வச்சுப் பார்த்தோமா? அந்தக் காகிதத்துல கைநாட்டு வச்சவன் நானுந்தான். வயசு இவ்வளவாகியும் அடுத்தவங்க சீட்டுல ஏறி உக்கார்ற புத்தி எனக்குப் போகல பாருங்க! கை தூக்காதீங்க. காலையில அவங்களை நிக்க வச்சு அளவெடுங்க.

ஆறுச்சாமி கதை விடறான்னு தலைவர் சிரிக்கறாரு. விசாரிச்சுக்குங்க. முதலாளி காலமாயிட்டாரு. மச்சினனும் போயாச்சு. பட்டறை ஆளுக ஒருத்தர் பின்னால ஒருத்தராப் போயிட்டாங்க. என்னை விட்டா, அன்னைக்கு அங்க நின்னவங்கள்ல இருக்கறது ஒருத்தர்தான். குன்னூர்ல இருக்காங்க. என் எடையை மட்டும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க... சொல்லட்டும். பேரு ரெஜினா டீச்சருங்க.