வலது முட்டி

அண்ணி: ஐயோ… நில்லு, நில்லு! வலது முட்டி பிடிச்சிக்கிச்சு.

தபால்காரி: மறுபடியுமா அண்ணி? இப்பதானே அந்த வேர் மேல உக்காந்து எந்திரிச்சோம்.

அண்ணி: வேரா அது? பெஞ்சு மாதிரி இருக்கு! எத்தனை தலைமுறை பார்த்த மரமோ… மேல பாரேன், வானமே தெரியல.

தபால்காரி: பார்த்துட்டேன். கிளம்பலாமா?

அண்ணி: இருடி. மூச்சு வாங்குது…

தபால்காரி: யாருக்கு?

அண்ணி: எனக்குத்தான்! நீதான் நெஞ்சைக் கிழிச்சுத் தச்ச பிறகும் ஆட்டுக்குட்டியாட்டம் ஏறுறியே.

தபால்காரி: கண்ணு போடாதீங்க.

அண்ணி: டாக்டர் நடக்கத்தானே சொன்னாரு? மலை ஏறச் சொன்னாரா?

தபால்காரி: ஏறாதேன்னும் சொல்லலையே.

அண்ணி: வாய்… உங்கண்ணன் கேட்டா கடைக்குப் போனோம்னு சொல்லணும், ஞாபகமிருக்கட்டும். அந்தப் பையைக் கொடு, நான் தூக்கிட்டு வரேன்.

தபால்காரி: வேணாம். தண்ணியும் துண்டும்தான்.

அண்ணி: தண்ணிக்கா தோள் இப்படி இறங்குது?

தபால்காரி: பையைத் தொடாதீங்க அண்ணி! … கோவமில்ல. பொந்து மரம் வரைக்கும் நானே தூக்கிட்டுப் போகணும். திங்கக்கிழமை வேலைக்குச் சேரணும், பழையபடி தெருத்தெருவா. ஜன்னலோரம் உக்காந்து ஸ்டாம்ப் விக்கச் சொல்றாங்க… செத்தாலும் மாட்டேன்.

அண்ணி: சாவைப் பத்தி இனி பேசின, அறைஞ்சிடுவேன். நட. அந்தக் கல்லுல மிதிக்காதே, பாசி வழுக்கும்.

தபால்காரி: அண்ணி… அதோ!

அண்ணி: அடேயப்பா! நம்ம சமையல்கட்டே அந்தப் பொந்துக்குள்ள போயிடும் போலிருக்கே.

தபால்காரி: வந்துட்டேன்… வந்துட்டேன்ல அண்ணி?

அண்ணி: வந்துட்டடி. அழாதே, நானும் அழுதுடுவேன். வா, உள்ள உக்காரலாம்… அம்மாடி, முட்டி…

தபால்காரி: அண்ணி.

அண்ணி: என்ன?

தபால்காரி: நீங்க பிடிச்சிட்டிருக்கிறது இடது முட்டி.

அண்ணி: அது… வலி இந்தப் பக்கம் மாறிடுச்சு.

தபால்காரி: கீழ இருந்தே வலது வலதுன்னுதானே கத்துனீங்க? எல்லாம் என்னை உக்கார வைக்கவா?

அண்ணி: நீ மட்டும் என்னவாம்? மொட்டைமாடியில பூந்தொட்டியெல்லாம் காலையில தரையில உக்காந்திருக்கு. அடியில இருந்த செங்கல் எங்க போச்சாம்?

தபால்காரி: பார்த்துட்டீங்களா? தபால் பை அந்தக் கனம் இருக்கும் அண்ணி. அதான்…

அண்ணி: நீ கண்ணை மூடிச் சாஞ்சப்பல்லாம், ஒண்ணை உருவி என் பையில போட்டுக்கலாம்னு கை துறுதுறுத்துச்சு.

தபால்காரி: அண்ணி! எடுத்துட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க!

அண்ணி: எடுக்கலடி. திங்கக்கிழமை அந்தப் பையை நானா தூக்கப்போறேன்?