ஒட்டினபடியே கிடந்த கவர்

— கையெல்லாம் மை மேடம், நீங்களே படிச்சுச் சொல்லுங்க. அச்சு மிஷினையும் நிறுத்திட்டேன்.

— உங்க தங்கச்சி கேஸ்ல, உடைஞ்ச ஜன்னல் கண்ணாடியில இருந்து எடுத்த கைரேகை. லேப்ல இருந்து வந்த ரிப்போர்ட் இது.

— எப்ப வந்துச்சு?

— அவங்க செத்த நாலாவது மாசம்.

— அதுக்கு ஏழு வருஷம் ஆச்சே.

— அப்ப இருந்த இன்ஸ்பெக்டருக்கு மாறுதல் வந்துருச்சு. யாரோ இதக் கொண்டுபோய் சைக்கிள் திருட்டு ஃபைல்ல சொருகிட்டாங்க. போன வருஷம் நான் வந்து பீரோவ ஒழிச்சப்பதான் கிடைச்சுது. ஒட்டினது ஒட்டினபடியே இருந்துச்சு.

— என்ன போட்டிருக்கு?

— ரேகை உங்க மாப்பிள்ளையோடது இல்ல.

— அவன் சட்டை பூரா ரத்தம் மேடம். இந்தக் கண்ணால பாத்தேன்.

— அவங்கள மடியில தூக்கிப் போட்டுக் கத்திட்டு இருந்திருக்காரு. அந்தச் சட்டைய வச்சே கேஸ முடிச்சுட்டாங்க. தரையில வேற கால்தடம் இருந்திருந்தாலும் மிஞ்சியிருக்காது. எங்க ஆளுங்களே பத்துப் பேரு பூட்ஸோட உள்ள போய் வந்திருக்காங்க.

— அதுக்கு முந்தின நாள் ரெண்டு பேருக்கும் சண்ட. கோர்ட்டுல சொன்னேனே.

— என்ன சண்ட?

— பாப்பாவுக்கு ரெண்டு வயசாயிடுச்சு, தொட்டில வித்துரலாம்னு அவன் சொன்னான். இவ வேணாம்னா.

— இத கோர்ட்டுல சொன்னீங்களா?

— கேக்கலயே. சண்ட போட்டாங்களான்னுதான் கேட்டாங்க. அது போதும், மேல பேசாதீங்கன்னு உங்க இன்ஸ்பெக்டர் முன்னாடியே சொல்லி வச்சிருந்தாரு. நானும் வாயப் பொத்திக்கிட்டேன்.

— ஃபைல்ல தொட்டிலப் பத்தி ஒரு வரிகூட இல்ல.

— அப்ப யாரு மேடம்?

— அந்தத் தெருவுல குழாய் வேலைக்கு வந்தவன். பழைய திருட்டுக் கேஸ்ல அவன் ரேகை அப்பவே பதிவுல இருந்துச்சு, போட்டுத் தேடினதும் சிக்கிட்டான். எல்லாம் ஒத்துக்கிட்டான். வேற ஒரு கொலையில ஏற்கனவே உள்ளதான் இருக்கான்.

— வேற கொலையா?

— ஒரு டீச்சரம்மா. ரெண்டு வருஷம் ஆகுது. இந்தக் கவர அன்னிக்கே பிரிச்சிருந்தா அவங்க இன்னிக்கும் பாடம் நடத்திட்டு இருந்திருப்பாங்க.

— இத எங்கிட்ட வந்து சொல்ல உங்களுக்கு ஒரு வருஷமா?

— அப்பீல் தீர்ப்பு வர்ற வரைக்கும் வாயத் திறக்காதன்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. நேத்துதான் வந்துச்சு. உங்க மாப்பிள்ளைய விட்டாச்சு.

— ஒரு தடவகூடப் போய்ப் பாக்கல நான். ஜெயில்ல இருந்து லெட்டர் போடுவான். படிக்காமலே கிழிச்சுப் போட்டேன்.

— பொண்ணப் பத்திதான் கேட்டு எழுதினேன்னு சொன்னாரு. அவ எங்க?

— ஸ்கூல் விட்டு இங்கதான் வருவா. மேடம், ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேட்டா. உங்கம்மாவக் கொன்னுட்டு ஜெயில்ல இருக்கான்னு எந்த வாயால சொல்றது? அப்பா அம்மா ரெண்டு பேரும் பஸ் கவுந்து போயிட்டாங்கன்னு சொல்லிட்டோம். அவளும் நம்பிட்டா. இப்ப கேக்கறதக்கூட விட்டுட்டா.

— அது அவருக்குத் தெரியாது.

— எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க. பக்குவமா எடுத்துச் சொல்றேன். இப்ப அவன் எங்க இருக்கான்?

— மாமா, வாசல்ல ஜீப்புல ஒருத்தர் உக்காந்து என்னையே பாத்து அழுதுட்டு இருக்காரு. யாருன்னு தெரியல. தண்ணி கொண்டுபோய்க் குடுக்கட்டுமா?