முற்றத்தில் நான்கு கோடுகள்

எங்கள் பக்கத்தில், கட்டிக்கொடுத்த பெண்ணிடம் ‘நல்லா இருக்கியா’ என்று ஒருமுறைதான் கேட்பார்கள். அவள் ‘இருக்கேன்’ என்றதும் பேச்சு சாரலுக்கோ, ஐந்தருவியில் விழும் தண்ணீருக்கோ, அன்றைய குழம்புக்கோ திரும்பிவிட வேண்டும். இரண்டாவது முறை கேட்பது அந்த வீட்டாரைச் சந்தேகிப்பதாகும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் மேலகரத்திலிருந்து செங்கோட்டை வரை இதை மீறிய எவரையும் நான் கண்டதில்லை.

கோட்டாட்சியர் அம்மா அவர்களே, நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். என் தங்கை குழல்வாய்மொழி இறப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில் பிறந்த வீட்டுக்கு நூற்று எழுபத்து மூன்று முறை பேசியிருக்கிறாள். அந்தப் பட்டியலை அவள் கணவர் முத்துச்செல்வத்தின் வக்கீல் உங்கள் மேசையில் வைத்திருக்கிறார். அத்தனை அழைப்புகளில் ஒன்றில்கூட அவள் குறை சொன்னதில்லை என்று நானும் என் அம்மாவும் ஒப்புக்கொண்டோம். துன்பப்பட்டவள் என்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். அதற்கு விடை என்னிடம் இருக்கிறது. வரிசையாகச் சொன்னால்தான் அது புரியும்.

நான் உரிமம் பெற்ற நில அளவையர். வயது இருபத்தொன்பது. தங்கைக்குப் போன தை மாதம் திருமணம் நடந்தது. செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவர்கள் வீடு. சித்திரையில் அவள் இரண்டு முறை என்னைத் தனியாக அழைத்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் அரங்கு என்று சொல்லும் ஜன்னலில்லாத உள்ளறையிலிருந்து, குரலைத் தாழ்த்திப் பேசினாள். முதல் முறை, நான்கு நாள் வந்து இருந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். மறுமுறை எதுவும் கேட்கவில்லை, அழுதாள். போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டு முடியும்வரை காத்திருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு.

வைகாசியில் அவளுடைய போன் கிணற்றடியில் விழுந்து உடைந்துவிட்டது என்று சொன்னார்கள். அந்த எண் முத்துச்செல்வத்தின் பெயரில் இருந்தது. அவர் அதை நிறுத்திவிட்டார். புதுப் போனை நானே வாங்கித் தருகிறேன் என்று முன்வந்தேன். அம்மா அன்று என் தலையைத் தடவினாள்.

தென்காசியில் பீர் மைதீன் கடையில் ஒரு போன் குறைந்த விலைக்குக் கிடைத்தது. துபாயில் ஒரு கம்பெனியின் சிம் மட்டும் எடுக்கும்படி பூட்டி விற்றது; இங்கே பூட்டை எடுத்திருந்தார்கள். பெட்டி பிரித்தது என்பதால் பாதி விலை. எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் வேலை செய்யும் என்பது அதன் சிறப்பு. யாருக்கு என்று பீர் மைதீன் கேட்டார். தங்கைக்கு என்றேன்.

“அப்பம் அவசரப்பட்டு சிம்ம வாங்கிராதிய, அண்ணாச்சி. போனுக்கு நான் பொறுப்பு. டவருக்கு மலைதான் பொறுப்பு. வீட்டுக்குள்ள எங்கன எடுக்குன்னு பாத்துட்டு வாங்குங்க. பொம்பளப் புள்ளைக்கு அடுக்களைல டவர் இருக்கணும், பாத்துக்கிடுங்க.”

நல்ல யோசனை. அதைத்தான் பின்பற்றினேன். என் ஆதாரைக் கொடுத்து மூன்று கம்பெனிகளின் சிம்களை வாங்கிக்கொண்டு, ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் அங்கே போனேன்.

அளக்கும்போது எதையும் விட்டுவைப்பது என் வழக்கமல்ல. வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டு, ஒவ்வொரு சிம்மாக மாற்றி, எந்த இடத்தில் சிக்னல் எத்தனை கோடு என்று குறித்தேன். தங்கையின் மாமியார் முற்றத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அவருக்கு அதுதான் இடம்.

“என்ன தம்பி, எங்க வீட்ட அளந்து ஒங்க பேருக்குப் பட்டா மாத்தப் போறியளா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதல் சிம் அடுக்களையில் மூன்று கோடு, அரங்கில் மூன்று, முற்றத்தில் இரண்டு. இரண்டாவது சிம் பின்கட்டில் கேரளத்து டவரைப் பிடித்தது. அழைத்துப் பார்த்தபோது ஒரு பெண்ணின் பதிவுக்குரல் மலையாளத்தில் ஏதோ சொன்னது. மூன்றாவது சிம் முற்றத்தில் நான்கு கோடு. வீட்டுக்குள் எங்கும் ஒன்றுமில்லை.

குழல்வாய்மொழி என் பின்னாலேயே வந்தாள். நான் வந்ததில் அவளுக்கு இருந்த மகிழ்ச்சியை இங்கே குறிப்பிட வேண்டும். முதல் சிம் போட்டிருந்தபோது அவளே போனை வாங்கிக்கொண்டு அரங்குக்குள் போய் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இது இங்கனயும் எடுக்கு. பாத்தியா?” என்றாள். பிறகு, நான் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மெதுவாக மறுபடியும் சொன்னாள். “இங்கன நல்லா எடுக்குண்ணே.”

திரையைக் காட்ட அவள் கையை நீட்டியபோது மணிக்கட்டுக்கு மேலே ஒரு சூட்டுக்காயம் தெரிந்தது. நாள்பட்டதல்ல. நான் அறையின் நீளத்தைத் தாளில் குறித்துக்கொண்டேன். பதினோரு அடி.

மூன்றாவது சிம்மைப் போட்டுக் கொடுத்தேன். அதற்குச் சலுகை இருக்கிறது என்றேன். சலுகை இருந்தது உண்மை, வேண்டுமானால் சரிபார்க்கலாம்.

அவள் சற்று நேரம் போனைப் பார்த்தாள். “அப்பம் முத்தத்துல நின்னுதான் பேசணுமாண்ணே?”

“அங்கனதான் காத்தோட்டமா இருக்கு” என்றேன்.

அந்தப் போனில் இன்னொரு சிம் போடவும் இடமுண்டு. அந்த இடத்தில் அவளுடைய திருமணப் படங்கள் அடங்கிய மெமரி கார்டைப் போட்டேன். கார்டு இருக்கும்வரை அங்கே சிம் போட முடியாது. தன் திருமணப் படங்களைக் கழற்றி எடுக்கும் பெண்ணிடம் அந்த வீட்டார் காரணம் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து அவள் நாள் தவறாமல் பேசினாள். முற்றத்தில், மாமியாருக்கு நான்கு அடி தள்ளி நின்று பேசினாள். அம்மா ஒருமுறை கேட்பாள். இவள் ‘இருக்கேம்மா’ என்பாள். பிறகு சாரல். அம்மாவின் முகம் தெளிந்தது. எனக்கும் நன்றாகத் தூக்கம் வந்தது. அழுகை காதில் விழுந்தால் போய் அழைத்துவர வேண்டியிருக்கும். விழாவிட்டால் வேண்டியதில்லை.

அம்மாவின் ரத்த அழுத்தத்தைக் காரணமாகச் சொன்னேன். அது முழுக் காரணமல்ல. வரும் தையில் எனக்கும் ஆனந்தவள்ளிக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. வாழாமல் திரும்பிவந்த தங்கை இருக்கும் வீட்டுக்குப் பெண் தரத் தயங்குவார்கள். ஆனந்தவள்ளியின் அப்பா பால்வண்ணநாதன், வெற்றிலை மாற்றிய அன்றே, “தங்கச்சி நல்லா இருக்காள்லா?” என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். அவரும் ஒருமுறைதான் கேட்டார்.

எனக்கு வேண்டியிருந்தது தை வரையிலான அவகாசம் மட்டுமே. அதன்பின் முதல் சிம்மைக் கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஐப்பசியில் அவளே கேட்டாள்.

“அண்ணே, அந்த மொத சிம்மத் தந்துருதியா? அதுதான் எனக்குப் பிடிச்சிருந்துச்சு” என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் பீடியிலை வெட்டும் கத்தரியின் ஓசை கேட்டது.

“தை கழியட்டும், தாரேன்” என்றேன்.

“சரிண்ணே” என்றாள். அப்புறம் அவள் கேட்கவில்லை.

மார்கழி பதினோராம் தேதி, மாலை நான்கு மணிக்கு மேல், அவளை அரங்கிலிருந்து எடுத்தார்கள். அவளாகச் செய்துகொண்டாள் என்று அவர்கள் சொல்கிறார்கள். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள். தை பிறக்க இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அன்று அந்தப் போனை முதலில் கையில் எடுத்தவன் நான். போலீசார் இப்போது அதை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள், திறந்து பாருங்கள். மூன்று நாற்பத்திரண்டுக்கும், நாற்பத்து மூன்றுக்கும், ஐம்பத்தொன்றுக்கும் அவள் என்னை அழைத்திருக்கிறாள். கம்பெனியின் பட்டியலில் அந்த மூன்றும் இல்லை, ஏனென்றால் அவை எந்த டவரையும் போய்ச் சேரவில்லை. அந்த நேரத்தில் நான் இலஞ்சியில் ஒரு தோப்பை அளந்துகொண்டிருந்தேன். என் போனில் எல்லாக் கோடுகளும் இருந்தன.

என் தங்கையை அடித்தவர் யார், அவளுக்குச் சூடு வைத்தவர் யார் என்பதை விசாரணை சொல்லும். அவளைப் பேசவிடாமல் செய்தவன் நான். எங்கே நின்றால் அவளால் உண்மை சொல்ல முடியும் என்று அளந்து பார்த்து, அங்கே எடுக்காத சிம்மைத் தேர்ந்து அவள் கையில் கொடுத்தேன். வரைபடத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அளவுகளில் பிழை இல்லை.

இதை நானாக முன்வந்து சொல்கிறேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். நேற்று முன்தினம் பதினாறாம் நாள் விசேஷம். பந்தலில் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். பால்வண்ணநாதன் வந்திருந்தார். முத்துச்செல்வத்தின் பெரியப்பாவும் வந்திருந்தார். என் அம்மா தங்கத்தாய், பதினாறு நாளாக உங்கள் விசாரணையில் தவிர எவரிடமும் பேசாதவள், எல்லார் முன்னிலையிலும் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏலே, நீதான அங்கன போய்ப் பாத்த. எம்புள்ள நல்லா இருந்தாளா?”

“இருந்தாம்மா” என்றேன்.

யாரோ ஒருவர், வழக்கப்படி, இந்த வருஷம் மார்கழியிலும் மழை விடவில்லையே என்று ஆரம்பித்தார். அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“மழை கெடக்கட்டும். ரெண்டாந்தடவ கேக்கேன், கோமதிசங்கரு. எம்புள்ள அங்கன நல்லா இருந்தாளா?”