ஊதா மணிகளும் ஒரு மல்கோவாக் கூடையும்

புது தில்லி, பயிர்–வளிம ஆய்வு நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, 30.06.2005 அன்று ஓய்வு பெறும் திருமதி அம்புஜம் கோபாலன் அவர்களுக்கு, நிலையத்தின் தமிழ் ஊழியர்கள் கிட்வாய் நகர்ச் சமுதாயக் கூடத்தில் வாசித்து வழங்கும் மடல்.

கண்ணாடிக் கூண்டுகளின் காவல் தெய்வமே! காற்றையும் கணக்குத் தவறாமல் அளந்த கைவண்ணமே! பாசிப்பயற்றின் பசுமைக்காகப் பரிந்து பேசிய பண்பின் பெட்டகமே! பதவி பாராது, பகட்டு நாடாது, பத்து மணி அலுவலகத்துக்கு ஒன்பதே காலுக்கு வந்து நின்ற பழுதிலாக் கடமையே! கோடை வெயிலிலும் கோபம் கொள்ளாத, ஜனவரிக் குளிரிலும் கையுறை மாட்டாமல் குழாய்களைத் துடைத்த கோமகளே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

இம்மடலின் முதற்படியில் இன்னும் ஒரு விளி இருந்தது. "பிழையே அறியாப் பெருந்தகையே!" என்று எழுதி, அதன் அழகில் நாங்களே சொக்கிப்போய், சென்ற வாரம் உங்களிடம் படித்துக் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீங்கள் சொன்னது இதுதான்: "அந்த வரிய எடுத்துடுங்கோ. பொய்ய ஃப்ரேம் போட்டு எங்காத்து ஹால்ல மாட்டச் சொல்றேளா?"

எடுத்துவிட்டோம் அம்மா. ஆனால் எடுத்த இடம் வெற்றிடமாக உறுத்துகிறதே! ஆகவே அந்த இடத்தில் அந்தப் பிழையையே வைக்கப் போகிறோம். இனிச் சிறிது நேரம் உங்களை "நீங்கள்" என்று விளிக்காமல், "அவர்" என்றே கதைபோலச் சொல்வோம். நேருக்கு நேர் சொன்னால் நடுவில் எழுந்து "போறும் போறும்" என்பீர்கள். எங்களுக்குத் தெரியாதா என்ன! கோபாலன் சார், தயவுசெய்து அவர் கையைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கோடை. யமுனைக் கரையில் காய்கறி போடுகிறவர்கள் மனு ஒன்று கொடுத்திருந்தார்கள். பக்கத்துச் சாலையில் வண்டிகள் பெருகிய நாள்முதல் பயறும் பீன்ஸும் பூத்த பூவெல்லாம் கொட்டிவிடுகின்றன என்பது அவர்கள் முறையீடு. "பராமரிப்புப் போதவில்லை, அதற்குச் சாலையின்மேல் பழிபோடுகிறார்கள்" என்று மேலிடத்தில் ஒரு பேச்சு. உண்மை என்ன என்று சோதித்துச் சொல்லும்படி நம் நிலையத்துக்கு உத்தரவு வந்தது. வண்டிப் புகையில் எத்திலீன் என்றொரு வாயு உண்டு. பழங்கள் பழுக்கும்போது அவையும் அதே வாயுவைத்தான் வெளிவிடுகின்றன. பழத்துக்கு அது நல்லது. வளரும் பயிருக்கு ஆகாது. எவ்வளவு இருந்தால் ஆகாது என்பதுதான் கேள்வி.

மூன்று கண்ணாடிக் கூண்டுகள், கூண்டுக்கு இருபது தொட்டிகள், எல்லாவற்றிலும் பாசிப்பயறு. இரண்டாம் கூண்டுக்குக் கொஞ்சம் எத்திலீன், மூன்றாம் கூண்டுக்கு அதைப்போல் இரு மடங்கு. முதற்கூண்டுக்கு ஒன்றுமே இல்லாத தூய காற்று. அந்த முதற்கூண்டுதான் அம்புஜம் அம்மையாரின் பொறுப்பு. ஸ்டோர் அறையிலிருந்து காற்றை உறிஞ்சி, ஊதா நிற மணிகள் நிரம்பிய உருளை வழியாகச் செலுத்தினால், எத்திலீன் அந்த மணிகளில் சிக்கி அழிந்துவிடும். சிக்கச் சிக்க மணிகள் பழுப்பாகும். உருளையை இறுக மூடினால் எண்பது நாள் தாங்கும்; சோதனையோ நாற்பது நாள்தான். மற்றவர்கள் செடிக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். செடிக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை. கேட்பதற்கு எளிது, செய்து பார்த்தால் தெரியும்!

மே மாதக் கடைசியில் மகள் கல்யாணத்துக்காக ஒன்பது நாள் விடுப்பில் ஸ்ரீரங்கம் போனார். ஸ்டோர் சாவியைக் காவலர் அறையில் ஒப்படைத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் சாவியை மேசை ட்ராயரில் போட்டுவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார். முப்பத்தாறு ஆண்டில் அவர் விதியை மீறியது அந்த ஒரு தடவைதான்.

நாற்பது நாள் முடிந்தது. அளந்து பார்த்தால் மூன்று கூண்டிலும் செடிகள் ஒரே குட்டை. மூன்றிலும் பூ உதிர்ந்து கிடந்தது. தூய காற்றில் வளர்ந்ததும் வாயுவில் வளர்ந்ததும் ஒன்றுபோல் இருந்தால் என்ன பொருள்? வாயுவால் பாதிப்பில்லை, கோடைச் சூடுதான் காரணம். அப்படித்தான் அறிக்கையும் டைப் ஆனது. வெள்ளிக்கிழமை இயக்குநர் படித்துத் தலையசைத்தார். திங்கட்கிழமை அனுப்புவதாக ஏற்பாடு.

அதே வெள்ளிக்கிழமை மதியம் அம்மையார் உருளையைத் திறந்தார். மேலே பாதி பழுப்பாகவும் கீழே பாதி ஊதாவாகவும் இருக்க வேண்டிய மணிகள் அடிவரை பழுத்த பழுப்பு! ஒரு மணிகூட ஊதா இல்லை. எத்தனை நாளாகத் தாங்காமல் போயிருக்கிறதோ! உடனே எழுந்து போய், ஸ்டோரில் சாக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். கடைசிச் சாக்குக்குப் பின்னால், காற்றுக் குழாயின் வாய்க்கு இரண்டடி தூரத்தில், ஒரு கைப்பிடி வைக்கோல் கிடந்தது. எடுத்து முகர்ந்தார். மாம்பழ வாசனை.

அன்று மாலை வீட்டில் கோபாலன் சார் போட்டுக்கொடுத்த காப்பி ஆறிப்போய் ஆடை படிந்தது. கோபாலன் சார் சொல்லித்தான் எங்களுக்கு இது தெரியும். "என்ன, அம்புஜம்?" என்று கேட்டாராம்.

"ஜூலைல ப்ரமோஷன் லிஸ்ட். என் பேர் மொதல்ல இருக்கு. இப்ப வாயத் திறந்தா அது போயிடும்."

"திறக்கலேன்னா?"

"திறக்கலேன்னா, யமுனைக் கரைல இருக்கறவா எல்லாரும் பொய் சொன்னவாளா ஆயிடுவா."

அம்மையார் எழுந்துபோய், ஆறிய காப்பியைச் சுட வைத்துக் குடித்தாராம். பதினாறு வருஷம் ஒரே பதவியில் உட்கார்ந்தவருக்கு, மகள் கல்யாணம் முடிந்த கையோடு வரவேண்டிய உயர்வு அது. வேண்டாம் என்று நினைக்க அவர் என்ன கல்லா? அதை நினைத்து ஞாயிறு முழுக்க அழுதார் என்பதையும் கோபாலன் சார்தான் சொன்னார். அழுதுவிட்டுத் திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு வந்து நின்றார்.

இயக்குநர் அறையில், அந்தப் பிரிவில் இருந்த நாங்கள் எட்டுப் பேரும் வரிசையாக நின்றோம். அறிக்கை உறையில் போட்டு ஒட்டத் தயாராக இருந்தது. அம்மையார் பழுப்பு மணிகளை ஒரு கண்ணாடித் தட்டில் கொட்டி, வைக்கோலைப் பக்கத்தில் வைத்தார். "சார், முதற்கூண்டு தூய காற்றில் வளரவில்லை. இந்த அறிக்கை தப்பு" என்று ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொன்னார். இயக்குநர் முகம் சிவந்துவிட்டது.

"ஸ்டோர் கிஸ்னே கோலா தா?" என்று இரைந்தார். ஸ்டோரைத் திறந்தது யார்? எங்கள் எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். எட்டுப் பேரும் தரையைப் பார்த்தோம்.

"சாவி என் பொறுப்பு, சார். ட்ராயர்ல போட்டுட்டுப் போனது என் தப்பு" என்றார் அம்மையார்.

உறை கிழிக்கப்பட்டது. "கவனக்குறைவு" என்று ஒரு மெமோ அவர் பணிக்கோப்பில் ஏறியது. ஜூலைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிறகு வர ஐந்து ஆண்டு ஆயிற்று. அவரோ அதைப் பற்றி முணுமுணுக்கக்கூட இல்லை. புது மணி நிரப்பி, அறுபது தொட்டியிலும் மறுபடி விதைத்து, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். இம்முறை முதற்கூண்டுச் செடிகள் நிமிர்ந்து வளர்ந்து காய்த்தன. இரண்டாம் கூண்டில் பாதிப் பூ உதிர்ந்தது. மூன்றாம் கூண்டில் காயே இல்லை. யமுனைக் கரைக்காரர்கள் சொன்னது மெய் என்று அறிக்கை போயிற்று. அதில் அம்மையார் பெயர் எங்கும் கிடையாது.

இனிதான், சபையோரே, இந்த மடலின் கடினமான பகுதி.

அந்த மே மாதம் சேலத்துக்கு விடுமுறையில் போன ஒருவர், கேரளா எக்ஸ்பிரஸில் ஒரு கூடை மல்கோவாக் காய் கொண்டுவந்தார், அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று. வராந்தாவில் வைத்தால் குரங்கு விடுமா, அதுவும் தில்லிக் குரங்கு! ட்ராயரில் சாவி இருந்தது. ஸ்டோர் குளுமையாக இருந்தது. வைக்கோல் பரப்பி, சாக்குக்குப் பின்னால் அடுக்கி, ஏழு நாளில் பழுக்க வைத்து ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டார். பழத்தின் மூச்சைப் பற்றியே பத்து வருஷம் ஃபைல் தள்ளிய மனிதர்! அந்த ஃபைல்களில் ஒன்றையாவது படித்திருக்கலாம். எட்டுப் பேரும் சாப்பிட்டோம், சப்புக்கொட்டிக்கொண்டு சாப்பிட்டோம். அம்மையாரின் பங்கைச் செய்தித்தாளில் சுற்றி அவர் மேசையிலேயே வைத்தோம்.

கூடை கொண்டுவந்தவர் பெயர் பத்மநாபன். இதோ மைக்கின் முன் நின்று இந்த மடலைப் படித்துக்கொண்டிருக்கும் தலைமை எழுத்தர். தலைமை எழுத்தராக எப்போது ஆனார் தெரியுமா? அதே ஆண்டு, அதே ஜூலைப் பட்டியலில்.

அம்மா, இனி "அவர்" என்று ஒளிந்துகொள்ள முடியாது. எட்டு வருஷம் உங்களுக்குத் தெரியாது என்றே என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கு அடுத்த கோடையிலிருந்து, நான் ஊருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் வாசல்வரை வந்து ஒன்று சொல்வீர்களே: "பத்மநாபன், இந்தத் தடவ பழுத்ததாவே பாத்து வாங்கிண்டு வாங்கோ." மல்கோவா சுற்றியிருந்தது சேலம் பதிப்புச் செய்தித்தாள். அதைப் பிரித்த அன்றைக்கு வாசனை மட்டும்தான் தெரிந்திருக்கும். வைக்கோலை முகர்ந்த அன்றைக்கு எல்லாமே தெரிந்திருக்கும். இயக்குநர் கேட்டபோது என் பெயர் உங்கள் நாக்கு நுனியில் இருந்திருக்கும். எனக்கு அப்போது இரண்டு கைக்குழந்தைகள் என்பதும் உங்களுக்குத் தெரியும். என்னை மன்னியுங்கள் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது அம்மா. இன்று கேட்கிறேன்.

ஆகவே, பொறுமையின் பொற்கொடியே! பிறர் பிழையைத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்ட பேரன்பே! தனக்கு வரவேண்டியதைவிட ஒரு பயற்றுச் செடியின் உண்மை பெரிதென்று நின்ற நெஞ்சுரமே! ஓய்வுக் காலத்தில் உங்கள் முழங்கால் வலி குறையட்டும். திருச்சிப் பேத்தி தில்லிக் குளிருக்குப் பயப்படாமல் வந்து தங்கட்டும். கோபாலன் சார் போடும் காப்பி ஒருநாளும் ஆறாதிருக்கட்டும். நீங்கள் இருவரும் நூறு கோடைகளை நலமுடன் கடந்து, ஒவ்வொரு கோடையிலும் எங்களைக் கேலி செய்துகொண்டே இருக்க வேண்டும். மேடையில் உள்ள கூடையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எல்லாம் பழுத்தது; நேராக உங்கள் வீட்டுக்குத்தான் போகிறது.

கடைசியாக ஒன்று. இம்மடலின் ஒரு பிரதியை, எட்டுப் பேரும் கையெழுத்திட்டு, உங்கள் பணிக்கோப்பில் சேர்க்கக் கோரி இன்று காலை அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான டைரி எண்ணும் வாங்கிவிட்டோம். மெமோவை எடுக்க விதியில் இடமில்லையாம், அம்மா, கேட்டுப் பார்த்தேன். ஆனால் கோப்பில் கடைசியாகச் சேரும் தாள்தானே எப்போதும் மேலே இருக்கும்? இனி யார் அந்தக் கோப்பைத் திறந்தாலும், முதலில் படிப்பது இதைத்தான்: ஸ்டோரைத் திறந்தது பத்மநாபன்.

மாம்பழத்தைத் தாம் உண்டு, பழியைத் தங்களுக்கு விட்டுவைத்த,
பத்மநாபன்
மற்றும் அன்று தரையைப் பார்த்து நின்ற ஏழு பேர்
கிட்வாய் நகர், புது தில்லி